கலவா மீனும் குளிர்ந்த இரும்பும்

என் கணவருக்குக் கடல்மீன் தின்னப் பழக்கியது நான்தான். அவருடைய தாத்தா அரக்கோணம் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு ஹைதராபாத் வந்து மெட்டுகுடாவிலேயே தங்கிவிட்டவர். அந்த வீட்டில் மீன் என்றால் எப்போதாவது வாங்கும் ஏரி மீன்தான். எனக்குக் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர். கல்யாணமாகி வந்த புதிதில், மீனை ஆட்டுக்கறி மாதிரி மென்று, தொண்டையில் முள் மாட்டி இருமுகிற மனிதரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்காது. பதினாறு வருடத்தில் தேறிவிட்டார். தலை மட்டும் வேண்டாம் என்பார். தட்டிலிருந்து அது அவரை முறைக்கிறதாம்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு டிசம்பர் சனிக்கிழமை என் அண்ணன் வந்தான். என்னைவிட இரண்டே வயது மூத்தவன். அவன் பங்கு வைத்திருக்கும் விசைப்படகு பதினைந்து இருபது நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும். எஞ்சினுக்கு ஏதோ பாகம் எங்கள் ஊர் ராணிகஞ்சு கடைகளில் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு ரயிலேறி வந்தவன், கையோடு ஒரு தெர்மாகோல் பெட்டியும் கொண்டுவந்திருந்தான். ஐஸைத் தள்ளிவிட்டு உள்ளே கைவிட்டேன். பெரிய கலவா மீனின் தலை. கூடவே ஈரல், சினை, நடுத்துண்டம் நாலு.

"தீவுப் பக்கத்துப் பார்ல பட்டதாக்கும், மக்ளே. பத்து கிலோவுக்கு மேல. மிச்சம் ஏலத்துல போச்சு. தலைய மட்டும் நான் விடல" என்றான். பார் என்று அவர்கள் சொல்வது கடலடியில் இருக்கும் பவளப்பாறையை.

செவுளைப் பார்த்தேன், சிவப்பு. கண் தெளிவு. விரலால் அழுத்தினால் சதை திரும்பி எழுந்தது. ஹைதராபாத்தில் பதினாறு வருடமாக நான் பார்க்காத மீன்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்து தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தேன். எங்கள் பக்கத்தில் தலை வீட்டு ஆம்பிளைக்கு. ஈரலையும் சினையையும் கூட அவர் தட்டிலேயே போட்டேன்.

"நக்கோ, நக்கோ. தலைய உங்க அண்ணனுக்குப் போடு" என்றார். வேண்டாம் என்பதை இந்த ஊர் உருதுவில் நக்கோ என்றுதான் சொல்வார்.

"அவன் தெனமும் திங்கிறான். உங்களுக்குன்னு சுமந்துட்டு வந்திருக்கான். ஒரு தடவ தின்னு பாருங்க."

அண்ணனும், "தின்னுங்க மாப்ள, பொறவு நீங்களே கேப்பீங்க" என்றான். கணவர் தின்றார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். இன்டர் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த மகள் ஒரு பொரித்த துண்டோடு எழுந்துவிட்டாள். நானும் அண்ணனும் துண்டங்களைத் தின்றோம். நாலு மணிக்கு அவன் ரயிலுக்குக் கிளம்பினான்.

ஏழு மணிக்கு இவருக்கு வாந்தி தொடங்கியது. கூடவே வயிற்றோட்டம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாடித்துடிப்பு ரொம்பக் குறைவாக இருக்கிறது என்று ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி அனுப்பினார்கள். எனக்கும் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல நாலைந்து நாள் இருந்து போய்விட்டது. அண்ணனுக்கு ரயிலில் வயிறு சரியில்லையாம். ரயில் சாப்பாடுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை இவர் குழாயைத் திறந்து முகம் கழுவப் போனார். அலறல் கேட்டு ஓடினேன். கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"தண்ணில இன்னா கலந்த? சுடுது!"

கையை விட்டுப் பார்த்தேன். டிசம்பர் மாதத்துக் காலைத் தண்ணீர், ஐஸ் மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து குளிர்ந்தது எதைத் தொட்டாலும் அவருக்குச் சுட்டது. எவர்சில்வர் தம்ளரைத் துணி சுற்றிப் பிடித்தார். கம்பிக் கதவைத் திறக்க என்னைக் கூப்பிட்டார். பல்லெல்லாம் ஆடுவது போல இருக்கிறது என்று கண்ணாடி முன் நின்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பார். ஒன்றும் ஆடாது. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து அரித்துப் புண்ணாகின.

அவருக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. காலை ஷிப்டில் இரும்பைத் தொடாமல் என்ன செய்ய முடியும்? மூன்று டாக்டர்களைப் பார்த்தோம். ஒருவர் சர்க்கரை என்றார். சோதித்தால் சர்க்கரை சரியாகவே இருந்தது. இன்னொருவர் நரம்புக்கு மாத்திரை எழுதினார். மூன்றாமவர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "வீட்டில் ஏதாவது டென்ஷனா?" என்று கேட்டார். வெளியே பெஞ்சில் இருந்த இவருக்கு அது கேட்டுவிட்டது.

ஒர்க்‌ஷாப்பில் நடந்ததை அவர் சொல்லவில்லை. அதே செக்‌ஷனில் வேலை பார்ப்பவரின் மனைவி கீழ்வீட்டில் இருந்தாள், அவள்தான் சொன்னாள். இவர் நடிக்கிறாரா என்று பார்க்க, வெளியே பனியில் கிடந்த ஸ்பேனரை எடுத்துவந்து ஒருவன் பின்கழுத்தில் வைத்திருக்கிறான். இவர் கத்திக்கொண்டு கீழே விழுந்திருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லையாம். அவள் அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னாள்.

மூன்றாவது மாதம், அரிப்புக்காகத்தான் தோல் டாக்டரிடம் போனோம். வயது முப்பதைத் தாண்டாத பெண். முன்பு இரண்டு வருடம் ஒரு தீவு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். புண்ணைப் பார்த்துக்கொண்டே ஹிந்தியில் கேட்டார்:

"தண்ணி சில்லுன்னு இருந்தா சுடுதா?"

இவர் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். டாக்டர் காத்திருந்தார். பிறகு, "இது தொடங்குறதுக்கு முன்னாடி மீன் சாப்பிட்டீங்களா? எவ்வளவு பெரிய மீன்? தலையா, ஈரலா?" என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன்.

ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். பவளப்பாறை சாகும்போது அதன்மேல் பாசி படரும். அந்தப் பாசியில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர் ஒன்று வாழும். அது நஞ்சு செய்யும். பாசியை மேயும் சின்ன மீனுக்குள் அந்த நஞ்சு போகும். சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனுக்குள் சேரும். வருடக்கணக்காகச் சேர்ந்து, உருமாறி, இன்னும் கடுமையாகும். மீனுக்கு ஒன்றும் ஆகாது. வாசனை கிடையாது, ருசி கிடையாது. வேகவைத்தாலும் போகாது, ஐஸில் வைத்தாலும் போகாது. தலையிலும் ஈரலிலும் சினையிலும்தான் அதிகம்.

"ரத்தத்துல டெஸ்ட் பண்ணலாமா?" என்றேன்.

"இதுக்கு ரத்தத்துல டெஸ்ட் இல்லம்மா."

"மருந்து?"

"அரிப்புக்குத் தரேன். வலிக்கும் கொஞ்சம் தரலாம். அந்த நஞ்சுக்கு மாத்து மருந்து கிடையாது. நிறைய பேருக்குச் சில மாசத்துல சரியாயிடும். சில பேருக்கு வருஷக்கணக்கா இருக்கும். எது யாருக்குன்னு சொல்ல முடியாது. மீன் வேண்டாம், குடி வேண்டாம். வேர்க்கடலை, கோழி கூட சில பேருக்குத் திரும்பக் கிளப்பிவிடும்."

ஆட்டோவில் வரும்போது இவர் கேட்டார்: "அப்ப நான் பொய் சொல்லல, இல்ல?"

"இல்ல."

தலையை யார் போட்டது என்று கேட்பார் என்று வீடுவரை காத்திருந்தேன். கேட்கவில்லை.

நான் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுப்பவள். நாகர்கோவிலில் விலங்கியல் பட்டம் வாங்கியவள். டாக்டர் சொன்ன அந்த ஒற்றைச் செல் உயிரின் வகைக்கு டைனோஃபிளாஜெல்லேட் என்று பெயர், அது எனக்குப் புதிதல்ல. கடல் செந்நிறமாவது, மீன் செத்து ஒதுங்குவது, சிப்பி தின்றவருக்கு வாய் மரத்து மூச்சு நிற்பது என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். ஊரிலும் தண்ணீர் நிறம் மாறிய நாட்களில் அப்பா எங்களைச் சிப்பி பொறுக்க விடமாட்டார். கடல் கெட்டால் கண்ணுக்குத் தெரியும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

மகள்தான் போனில் அந்த உயிரின் படத்தைத் தேடி எடுத்தாள். "இதி சூடு மம்மி" என்று, இதைப் பார் என்பதைத் தெலுங்கில் சொல்லி நீட்டினாள். தட்டையான, வட்டமான ஒன்று. மேலே கவசத்தகடுகள். நீந்த இரண்டு கசையிழைகள் உண்டு, ஆனால் அதிகம் நீந்துவதில்லை. பாசியைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். உயிரோடு இருக்கும் பவளத்தின்மேல் அதற்கு இடம் இல்லை. தண்ணீர் சூடேறி பவளம் வெளுத்துச் சாக வேண்டும், அல்லது நங்கூரம் இழுத்து உடைக்க வேண்டும். அப்போது வெற்றுப் பாறையில் பாசி படரும், இது வந்து குடியேறும். ஒரே பாரில் பிடித்த இரண்டு கலவாவில் ஒன்றில் நஞ்சு இருக்கும், ஒன்றில் இருக்காது. படித்துக்கொண்டே போனேன். எங்கேயாவது ஓர் இடத்தில், இப்படிச் செய்தால் போதும் என்று எழுதியிருக்கும் என்று தேடினேன். பெரிய பார் மீனைத் தின்னாதே என்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

பாசி, சிறு மீன், பெரிய மீன், மனிதன். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எழுதும் பாடம் அது. அந்த வருடம் அதை வேறொரு டீச்சரிடம் கொடுத்துவிட்டேன்.

அண்ணனுக்கு போன் செய்தேன். நம்பவில்லை. "அதே மீன எத்தன பேரு தின்னுருப்பாவ! ஒருத்தனும் ஒண்ணும் சொல்லலியே" என்றான்.

"யாருக்குத் தெரியும்? அவங்களும் உன்ன மாதிரி வேற ஏதோ சாப்பாடுன்னு நெனச்சிருப்பாங்க. நீ ஏலக்கூடத்துல சொல்லு, அண்ணா. அந்தப் பார் மீனுல பெருச விக்காதீங்கன்னு சொல்லு."

"சொன்னா கலவாக்கு வெலயே போயிரும், மக்ளே. படகுல பன்னெண்டு குடும்பம் இருக்கு. ஒரு மீனுக்காவ எல்லாவனையும் பட்டினி போட முடியுமா?"

அவன் சொன்னது பொய் இல்லை. அதனாலேயே எனக்குக் கோபம் அடங்கவில்லை. மீன்வளம் பார்க்கும் ஓர் அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன். இரண்டாவதற்கு ஒருவர் போனில் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "மீன் கொஞ்சம் மிச்சம் இருக்காம்மா? சாம்பிள் இருந்தா எங்கயாவது அனுப்பிப் பாக்கலாம்" என்றார். சாப்பிட்டுவிட்டோம் என்றேன். "அப்ப நாங்க என்னன்னு எழுதறது?" என்றார்.

ஒரு வருடத்தில் கை கொஞ்சம் தேறியது. வெயில் காலத்தில் இவர் கிட்டத்தட்ட பழைய மனிதராக இருந்தார். அடுத்த டிசம்பரில் கையுறை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். எல்லாம் போய்விடும் என்று நான் நம்பத் தொடங்கினேன். அப்போதுதான் உப்பலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். மீன் பக்கமே போகவில்லை. கோழி பிரியாணி, இரண்டு கரண்டி. சாயங்காலமே உதடு மரத்தது. மூன்றாம் நாள் தண்ணீர் மறுபடி சுட்டது.

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வெந்நீர் கொண்டுபோய் வைத்தேன். திரும்பாமலே சொன்னார்:

"நான் நக்கோன்னு சொன்னேன்ல."

ஆமாம் என்றேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. அன்றைக்குப் பிறகு அதை ஒருநாளும் சொல்லவும் இல்லை. ஆனால் நான் பரிமாறும்போது, இது என்ன, இதில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்காமல் கை வைப்பதில்லை. கடுகு தாளித்த பருப்புக்கும் கேட்பார். நானும் ஒவ்வொரு வேளையும் சொல்கிறேன்.

அதன் பிறகு நாலு தடவை திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் போக இன்னும் கொஞ்சம் அதிக நாள் எடுக்கிறது. தோல் டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாகப் பார்க்கும் எவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பாதியிலேயே அவர்கள் முகத்தில் நம்பாத அந்தப் பார்வை வந்துவிடும். மெடிக்கல் போர்டு அவரை ஃபிட்டர் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதியது. இப்போது ஸ்டோரில் ரெஜிஸ்டர் எழுதுகிறார். இருபத்திரண்டு வருடம் ரயில் பெட்டிகளைக் கழற்றி மாட்டிய மனிதர். எதிரே நிற்பவர்கள் கேட்கும் போல்ட்டின் அளவைச் சொல்வார், எடுத்துத் தர மாட்டார். அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

மகள் படிக்க பெங்களூர் போய்விட்டாள். விடுமுறைக்கு வந்தால் மூன்று நாளில் கிளம்பிவிடுகிறாள். குறை சொல்ல மாட்டேன். இந்த வீட்டில் பேச்சே இல்லை.

போன மாதம் அண்ணன் கூப்பிட்டான். இரண்டு வருடத்தில் அவனாகக் கூப்பிட்டது அதுதான். கரைப்பக்கம் மீனே இல்லையாம். படகு இன்னும் தூரத்துப் பாருக்குப் போகிறதாம். "முங்கிப் பாத்தவன் சொன்னான், பார் முழுக்க வெள்ளையா செத்துக் கெடக்காம். ஆனா மீனு மட்டும் நல்லா படுது" என்றான். குரலில் சந்தோஷம் இருந்தது. பிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்று ஞாபகம் வந்தது போல நிறுத்தி, "மாப்ள எப்படி இருக்காரு?" என்று கேட்டான்.

"அப்படியேதான்" என்றேன்.