முப்பத்தாறு சுற்று

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் வரும். அஞ்சாவதோடு நின்றவன், பொறுத்துப் படியுங்கள். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

துடியலூரில் மரகதம் அக்காவின் மோட்டார் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. விவசாயிகள் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் தைரியம் வரும். அதுதான் வினையானது.

குப்புசாமி கவுண்டரின் கிணற்று மோட்டார் எரிந்து வந்தது. அதற்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டியது பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர் செந்தில். பிரித்து எண்ணினேன். நாற்பத்திரண்டு சுற்று இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தாறுதான் இருந்தது. சுற்று குறைந்தால் மோட்டார் சூடாகி எரியும். காயிலைப் படம் பிடித்து, "செந்தில் கம்பித் திருடன்" என்று குரூப்பில் போட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் செந்திலிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. மன்னிப்புக் கேட்காவிட்டால் அவதூறு வழக்காம். என் பெயரோடு பட்டறையின் பெயரும் இருந்தது. அக்காவிடம் நீட்டினேன்.

அக்கா படித்துவிட்டு, "ஏம்ப்பா பழனி, ஒரு டீ வேணும்னு வாயத் தொறந்து கேக்கமாட்டே. இதுக்கு மட்டும் எங்கிருந்துப்பா இத்தனை பேச்சு வந்துச்சு?" என்றார்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் போனோம்.

"சுத்து கொறைஞ்சிருக்குன்னு நாலு பேருக்கு நல்லதுக்காகச் சொன்னீங்கன்னா, அதுக்கு நான் வாதாடலாம். திருடன்னீங்களே, திருடுனதைப் பாத்தீங்களா? அந்த மோட்டார் அவருகிட்டப் போறதுக்கு முன்னாடி யாருகிட்டங்க போச்சு?"

அதை நான் கேட்கவே இல்லை. அக்கா கவுண்டருக்குப் போன் போட்டார்.

"உங்க பட்டறைலதானுங்க கட்டுனோம். அது எரிஞ்சுதான் செந்தில்கிட்டப் போனனுங்க. சொன்னா உங்க மனசு நோகுமேன்னு உட்டுட்டனுங்க."

எரிந்த காயிலை எண்ணி, நோட்டில் குறித்து, அதே அளவில் கட்டுவதுதான் எங்கள் தொழில். பட்டறைக்கு வந்து பழைய நோட்டைப் புரட்டினோம். கவுண்டர் பெயருக்கு நேராக முப்பத்தாறு என்று இருந்தது. என் கோணல் எழுத்தேதான். முதல்முறை அந்த மோட்டார் வந்தபோது, கருகி ஒட்டிய காயிலை எண்ணுவதில் தவறியிருக்கிறேன். செந்தில் நான் கட்டியதை எண்ணி, அப்படியே கட்டியிருக்கிறார்.

"அக்கா, இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போட்டா யாருக்குங்க தெரியும்?" என்றேன்.

"கிழிச்சா நோட்டு மெலியும். அதுக்காக அந்தாளு திருடனாவே இருக்கோணுமா?"

அக்கா அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, அதே குரூப்பில் போட்டார். "தப்பு எங்க பட்டறையோடது. செந்தில் மேல் ஒரு குற்றமும் இல்லை" என்று தன் பெயரில் எழுதினார். வாடிக்கை போய்விடும் என்று நான்தான் பயந்தேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். அப்படி ஒரு மனுஷியிடம் வேலை செய்கிறேன் என்பது எனக்கு இன்றும் பெருமை.

மறுநாள் என்னைத் தனியாகச் செந்திலிடம் அனுப்பினார். "தப்புப் பண்ணிட்டனுங்க" என்பதற்குள் வேர்த்துவிட்டது.

செந்தில் சிரித்தார். "உங்களுக்குப் பேச வருமாங்க? நோட்டீஸ் உட்டாத்தான் கொரலே கேக்க முடியுமாட்ட இருக்குதே!"

வழக்குப் பேச்சு அதோடு நின்றது.

இப்போது எந்த மோட்டார் வந்தாலும், முன்னால் கட்டியது யார் என்று கேட்டு, அவருக்கு முதலில் போன் போடுகிறேன். கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

போன வாரம் செந்தில், தன்னிடம் வந்த ஒரு மோட்டாரின் காயிலைப் படம் பிடித்து குரூப்பில் போட்டிருந்தார். கீழே, "பழனி அண்ணன் கட்டியது. எண்ணிப் பார்த்தேன், சுற்று சரியாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

துடியலூர், தை ஏழாம் தேதி.