இறங்க விட்டு ஏறுங்க

என் தம்பி முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். படிக்கட்டில் தொங்குகிறவர்களை "உள்ளே போங்க, இன்னும் இடமிருக்கு" என்று அதட்டியே உள்ளே திணித்துவிடுவான். கடைசி ஸ்டாப் வந்ததும் ஒரு சிகரெட். ஓய்வு பெற்றபோது அவனுக்கு மிஞ்சியவை கணீர்க் குரல், மூன்றாவது மாடியில் ஒரு வீடு, எம்பிஸீமா.

எம்பிஸீமா என்றால் நுரையீரலில் உள்ள பொடிப்பொடிக் காற்றுப் பைகள் சிதைந்து தொய்ந்துபோவது. சிதைந்தது திரும்பாது. மேற்கொண்டு சிதைவதைத் தாமதப்படுத்தலாம். சிகரெட்டை விட்டான், உறிஞ்சும் மருந்தை வேளை தவறாமல் எடுத்தான். ஆனாலும் லிஃப்ட் இல்லாத கட்டிடம், நாற்பத்தெட்டுப் படி. பாதியில் உட்கார்ந்துவிடுவான்.

அவன் மகன் கறாராகச் சொல்லிவிட்டான். "மாசக் கடைசியில வர்றேன். உட்காராம ஒரு தடவை ஏறிக் காட்டுங்க. இல்லேன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துடுங்க."

மருமகள் தங்கமான பெண். ஆனால் அவர்கள் வீட்டு ஜன்னலிலிருந்து டிப்போ தெரியாது. எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று சொல்லாவிட்டால் இவனுக்குக் காலைக் காபி இறங்காது.

தம்பி படி ஏறுவதைக் கீழே நின்று பார்த்தேன். படிக்குப் படி தோளைத் தூக்கிக் காற்றை இழுத்தான்.

"எதுக்குடா இப்படி இழுக்கிறே?"

"காத்து பத்தலக்கா."

"பழைய காத்து வெளியே போகாம உள்ளேயே உட்கார்ந்திருக்கு. அதுக்கு மேல நீ ஏத்துறே. இறங்குறவங்களை விடாம ஆளை ஏத்தினா உன் வண்டியில என்ன ஆகும்?"

"வாசல்ல அடிதடி ஆகும்."

"அதுதான் உன் நெஞ்சுல நடக்குது."

நான் சொல்லிக் கொடுத்தது இதுதான்: மூக்கால் இரண்டு எண்ணி இழுக்க வேண்டும். உதட்டைக் குவித்து, சூடான காபியை ஆற்றுவதுபோல நான்கு எண்ணி ஊத வேண்டும். ஊதும்போதுதான் கால் ஏறலாம். இழுக்கும்போது நிற்க வேண்டும். முதல் வாரம் தலைகீழாகச் செய்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அடுத்த வாரம் படித் திருப்பங்களுக்கு ஸ்டாப் பெயர் வைத்துவிட்டான்: செருப்பு அலமாரி, பூந்தொட்டி, டீச்சர் வீடு.

மாசக் கடைசியில் மகன் வந்தான். பையோடு தடதடவென்று மேலே ஓடினான். தம்பி பூந்தொட்டியில் நின்றான்.

"என்னப்பா, முடியலையா? உட்காருங்க!"

தம்பி நிதானமாக ஊதி முடித்தான். "இருடா, இன்னும் இறங்கிக்கிட்டிருக்காங்க."

மகன் எட்டிப் பார்த்தான். "அப்பா ஏதோ உளர்றாரே, அத்தை?"

"நீ வாயை மூடிக்கிட்டு நில்லு" என்றேன்.

பதினோரு நிமிஷம் ஆயிற்று. தம்பி உட்காரவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் "ரைட்!" என்று ஒரு சத்தம் போட்டான். டிப்போவில் யாராவது வண்டியை எடுத்திருப்பார்கள்.

மகன் பையிலிருந்து எடுத்து வைத்திருந்த புதுப் பூட்டை மறுபடி உள்ளே போட்டான்.

"அதை வெச்சிட்டுப் போடா" என்றான் தம்பி, ஜன்னலைத் திறந்துகொண்டே. "கீழே நிக்கிற என் சைக்கிளுக்கு ஆகும்."