கோமதி அக்காவின் சனிக்கிழமை பஸ்

செவ்வாய்க்கிழமை காலை நான் மிளகு ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் இருந்த கோமதி அக்கா அன்று மதியம் வீடு திரும்புவதாக ஏற்பாடு. முந்தின நாள் பார்க்கப் போனபோது, "சூப்புன்னு ஒண்ணு குடுக்கான் மீனா, வாயில வைக்க முடியல. நாளைக்கு உன் ரசம் வேணும்" என்று உத்தரவு போட்டிருந்தார். போன் அடித்தது. அவர் மகன் செந்தில். "ரசம் வேண்டாம் ஆன்ட்டி. அம்மா காலைல தூக்கத்துலயே போயிட்டாங்க." அடுப்பை அணைத்துவிட்டு, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தென்காசிக்காரர். கலிஃபோர்னியாவின் பிளசன்டனில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. கணவர் காலமான பிறகும் அந்த வீட்டில் தனியாகவே இருந்தார். நன்றாகக் கார் ஓட்டுவார். ஃப்ரீவேயில் அவர் பக்கத்தில் உட்கார எனக்குத்தான் பயம். கண்ணில் நீர் அழுத்தம் வந்து பக்கப் பார்வை குறைந்தபோது, இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் கார் இல்லையென்றால் பால் வாங்கவும் வழியில்லை, பெருமாளைச் சேவிக்கவும் வழியில்லை. தெருவே திரண்டு, "ஆன்ட்டி, எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க, நாங்க டிராப் பண்றோம்" என்றது. அக்கா எல்லோருக்கும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் பொரிந்தார். "டிராப் பண்றேன், பிக்கப் பண்றேங்காங்க. ஏட்டி, நான் என்ன பார்சலா?"

அடுத்த சனிக்கிழமை தெருமுனையில், எங்களில் யாரும் ஏறியே பார்க்காத பஸ்ஸில் ஏறியவர், ஜன்னல் வழியே தெரிந்த மலைமுகட்டைப் பார்த்து நடுவழியில் இறங்கிவிட்டார். சாயங்காலம் காலெல்லாம் புழுதியாக, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். மறுவாரம் என்னையும் கூப்பிட்டார். எனக்கு நடை என்றாலே ஆகாது. "நடக்கிறதுக்கு எதுக்குக்கா பஸ்சு?" என்று தட்டிக்கழிக்கப் பார்த்தேன். "எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கு காரக்கறியும் கட்டியிருக்கேன்" என்றார். நான் நடைப்பயணியான கதை அவ்வளவுதான்.

போகப்போகத் தெருவில் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். உள்ளூர் முகடுகள் முடிந்ததும், ரயில் மாறி, பாலம் தாண்டி, இன்னொரு பஸ் பிடித்துக் கடலோர மேடுகளுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். மரமே இல்லாத சரிவுகள். முழங்கால் உயரத்துக்குப் புதர், காதை அடைக்கும் காற்று, நின்றுகொண்டிருக்கும்போதே கடலை மறைத்துவிடும் பனிமூட்டம். அங்கே ஒரு முறை கீழே கார் நிறுத்துமிடத்தைக் காட்டிச் சொன்னார்: "பாவம், கார்ல வந்தவன் ஏறின வழியிலயே எறங்கணும். காரு அங்கன காத்துக் கெடக்கும்லா. நமக்கென்ன, இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் எறங்கி வேற பஸ்ல போயிருவோம்." எனக்கு அது வரை பஸ்ஸில் போவது இல்லாதவர்கள் செய்வது என்றுதான் நினைப்பு. அன்று முதல் கார்க்காரர்களைக் கொஞ்சம் இளக்காரமாகவே பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் சனிக்கிழமை பஸ் சரியாக ராகுகாலத்தில்தான் கிளம்பும். அக்கா ராகுகாலத்தில் வாசற்படி தாண்ட மாட்டார். "பஸ்காரன் நம்ம காலண்டரைப் பாத்தா டைம் போடுவான்?" என்று அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பரஸ்தானம் வைப்பது. நல்ல நேரத்தில் பயணப் பையை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆக, வெள்ளிக்கிழமை மாலை அவர் முதுகுப்பை எங்கள் வீட்டு முன்கதவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். மறுநாள் காலை அவர் சாப்பாட்டோடு வந்து அதை எடுத்துக்கொள்வார். கலிஃபோர்னியாவில் மலையேறப் பரஸ்தானம் வைத்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

இதற்கிடையில் டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் செந்தில் புது வீடு கட்டினான். கீழ்த்தளத்தில் அம்மாவுக்கென்று ஓர் அறை. கண் தெரியாமல் அம்மா எங்காவது விழுந்துவிடுவார் என்று அவனுக்கு உறக்கமில்லை. அதைக் குறை சொல்ல முடியாது. இங்கே வீட்டை விற்றுவிட்டு அழைத்துப்போவது என்ற முடிவோடு ஒரு வெள்ளிக்கிழமை வந்தான். அக்கா அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. "நாளைக்கு ஒரு நாள் என்கூட வா. சாயங்காலமும் நீ வான்னு சொன்னா, வாரேன்" என்றார். பந்தயத்தில் வைத்தது அவருடைய மிச்ச வாழ்க்கையை.

மறுநாள் மகனோடு வாக்குவாதம் செய்துகொண்டே நேராகப் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டார். நானும் கராஜ் வழியாக வெளியே போனவள், முன்கதவுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறியதும் வழக்கமான ஓட்டுநர் டெனிஸ், "உங்க பை எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா முதுகைத் தடவிப் பார்த்தார். தண்ணீர், மாத்திரை, தொப்பி எல்லாம் எங்கள் வீட்டில் சுபமாகப் பயணம் போய்க்கொண்டிருந்தன.

"இதைத்தான்மா சொல்றேன்" என்றான் செந்தில். "ஒரு பையையே மறந்துட்டீங்க. மேல போய் மயக்கம் வந்தா? இருங்க, ஊபர் புக் பண்றேன்."

அக்கா முகம் ஒரு கணம் விழுந்ததை நான் பார்த்தேன். பிறகு பஸ்ஸை நிறுத்தும் கயிற்றை இழுத்தார். "மறந்தது உண்மைதான். இதுக்குப் போயி எதுக்கு ஊபரு? அடுத்த ஸ்டாப்புல எறங்கி, நடந்து போய் எடுத்துட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிப்போம். மலை எங்கயும் போயிராது." அப்படியே செய்தோம். ஒரு மணி நேரம் தாமதம். "இப்ப ராகுகாலமும் முடிஞ்சிட்டுல்லா" என்று அதிலும் ஒரு லாபம் கண்டார்.

ஃபிரிஸ்கோவில் ஏறுவதற்கு ஃப்ரீவே பாலத்தைத் தவிர வேறு மேடு கிடையாது. முதல் ஏற்றத்திலேயே செந்திலுக்கு மூச்சு வாங்கியது. அக்கா முன்னால் போய், திரும்பி நின்று, இவன் வந்து சேர்ந்ததும் மறுபடி நடந்தார். எதிரே வந்தவர்கள் அவரைத்தான் வழி கேட்டார்கள். முகட்டில், மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த புல்வெளியில், பட்டு விழுந்து கிடந்த மரமொன்றின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

செந்தில் டப்பாவை மூடி வைத்தான். பிறகு, "அங்க வந்தா நான் எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போவேனேம்மா" என்றான்.

"போவ, தெரியும். தங்கமான புள்ள நீ" என்றார் அக்கா. "ஆனா அங்க நான் உன் கார்ல பின்சீட்டுல உக்காந்திருப்பேன். நீ எப்ப ஃப்ரீ ஆவன்னு உன் மொகத்தையே பாத்துட்டு இருப்பேன். இங்க நான் முன்னால நடக்கேன். விழுந்தா விழுந்துட்டுப் போறேன் ராசா."

சாயங்காலம் அவன் அம்மாவைக் கூப்பிடவில்லை. தன் ஒருவனுக்கு மட்டும் திரும்பும் டிக்கெட்டை உறுதி செய்துவிட்டுப் படுத்துவிட்டான். அக்கா நடு ஹாலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பெண்ணைப் போலக் குதித்தார்.

அதற்குப் பிறகு கிடைத்த வருஷங்களில் அவர் ஒரு நாளும் விழவில்லை. நான்தான் இரண்டு முறை விழுந்தேன். இரண்டு முறையும் தூக்கிவிட்டு, "கண்ணு நல்லா இருக்குன்னுதான சொன்ன?" என்று கேட்டார். போன சனிக்கிழமை கூட வந்தார், வழக்கம் போல முன்னால் நடந்தார். ஞாயிறு நெஞ்சு வலித்தது, செவ்வாய் போய்விட்டார்.

வியாழக்கிழமை தகனம் முடிந்தது. சனிக்கிழமை காலை, யாரும் சொல்லாமலே நாங்கள் எல்லோரும் நிறுத்தத்துக்கு வந்திருந்தோம். செந்திலும் வந்திருந்தான். கதவு திறந்ததும் டெனிஸ் எங்கள் முகங்களை எண்ணுவது போலப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர், வயதானவர்கள் ஏறுவதற்காகப் பஸ்ஸின் ஒரு பக்கத்தைத் தாழ்த்தும் பொத்தானை அழுத்தினார். பெருமூச்சு விட்டபடி பஸ் நடைபாதை வரை பணிந்து நின்றது.

"எத்தனை வருஷமா கேட்டிருக்கேன், இதை மட்டும் அவங்க செய்யவே விட்டதில்லை" என்றார் டெனிஸ். "இன்னிக்கு எங்கூட அவங்களால சண்டை போட முடியாது."

செந்தில் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். யாரும் ஏறவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. தாழ்ந்த படி காலியாகக் காத்திருந்தது.

ஏறிக்கொள்ளுங்கள் அக்கா. இன்று ஒரு நாள் மட்டும், நாங்கள் பின்னால் வருகிறோமா என்று திரும்பித் திரும்பிப் பார்க்காமல், உங்கள் வேகத்திலேயே போங்கள்.