எச்சும் ஒய்யும் உள்ள வார்த்தை

எங்கள் முதலாளி சென்னையில் இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது அட்டைப்பெட்டி செய்கிறவராகப் போனவர், வரும்போது மனிதர்களைச் செய்கிறவராக வந்தார். தட்டாஞ்சாவடியில் இருந்த அந்தக் கம்பெனியில் நான் அப்போது பில் போட்டுக்கொண்டிருந்தேன். லீவு லெட்டர்களும் என் மேசைக்குத்தான் வரும்.

திங்கட்கிழமை காலையில் எல்லாரையும் மெஷின்களுக்கு நடுவே நிற்கவைத்து இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சொல்வார். அந்த இரண்டும் உள்ள வார்த்தைகளிலேயே நீளமானதை வெள்ளிக்கிழமை கொண்டுவர வேண்டும். ஜெயித்தவருக்கு ஒரு பேனா, முதலாளியோடு ஒரு போட்டோ. அந்தப் போட்டோ அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு நாள் முழுக்க இருக்கும்.

"வொக்காபுலரி வளந்தா பிசினஸ் தானா வளரும்" என்றார். பெட்டி ஒட்டும் பெண்களும் சேரலாம் என்று அவரே சொல்லி, அவரே கைதட்டிக்கொண்டார்.

நான் அஞ்சல் வழியில் ஆங்கில எம்.ஏ. படித்தவள். பில் போடுகிற இடத்தில் அந்தப் பட்டத்தை யாரும் கேட்டதில்லை. அதனால் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் மூன்று வாரமும் நான்தான் ஜெயித்தேன். எழுத்தைத் தட்டினால் வார்த்தையைக் கொட்டுகிற வெப்சைட் ஒன்று என் போனில் இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. க்யூவும் டியும் வந்த வாரம் 'குவின்டசென்ஷியலி' கொண்டுவந்தேன். பதினாறு எழுத்து. முதலாளிக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், குவின்டசென்ஷியலி உங்கள் பெட்டிகள் செவ்வாய்க்கிழமை வரும் என்று ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு மெசேஜ் போட்டார். பத்து நிமிடத்தில் பிஸ்கட்காரர் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், செவ்வாக்கெழம வருமா வராதா? அத மட்டும் சொல்லுங்க."

எனக்குப் போட்டி என்று இருந்தவர் எங்கள் கணக்கர் மட்டும்தான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் 'முசே', அதாவது பிரெஞ்சு 'சார்'. அதே க்யூ வாரத்தில் நூலகத்துக்கான பிரெஞ்சு வார்த்தையை எழுதிக் கொடுத்து நிராகரிக்கப்பட்டிருந்தார். நான்காவது வாரம் எச்சும் ஒய்யும் வந்தன. வெள்ளிக்கிழமை நான் 'சைக்கலாஜிக்கலி'யோடு நின்றேன். பதினைந்து எழுத்து. முசே தன் சீட்டை நீட்டினார். 'தட்டாஞ்சாவடி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"என்ன முசே, இது ஊர் பேரு!" என்றார் முதலாளி.

"எச் இருக்கு, ஒய் இருக்கு, பதினாலு எழுத்து. நம்ம கம்பெனி போர்டுலயே இங்கிலீஷ்லதான சார் எழுதி வெச்சிருக்கீங்க?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை. பேனாவை என் பக்கம் நீட்டினார். நானும் போட்டோவுக்காகத் துப்பட்டாவைச் சரிசெய்தேன். அப்போது பேஸ்டிங் பகுதியிலிருந்து ஒரு அக்கா கையைத் தூக்கினார். கடலோர கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அவர் அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு சார். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எழுத்து மட்டும் தெரியும், எண்ணிப் பாத்தேன்."

துணிக்கடைப் பையிலிருந்து ஒரு ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்து, பசை காய்ந்த விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். முதலாளி அதை வாங்கிப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். ஹெபட்டோஸ்ப்ளெனோமெகலி. பதினெட்டு எழுத்து. எச் முதலில், ஒய் கடைசியில்.

"சூப்பர்! எல்லாரும் கைதட்டுங்க!"

தட்டினோம். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஆங்கில எம்.ஏ.வை ஒரு பசை டப்பா தோற்கடித்துவிட்டதே என்றுதான் நினைத்தேன். அது என்ன வார்த்தை என்று எனக்கும் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. முசேதான் கேட்டார்.

"யாருக்கும்மா இது?"

"எங்க வூட்டுக்காரருக்கு. ஈரலும் மண்ணீரலும் வீங்கிப் போயிருக்குன்னாங்க."

தட்டிய கைகள் அந்தந்த இடத்திலேயே நின்றன. முதலாளி மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் பேனாவை நீட்டியபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

"பேனா வேணாம் சார். செவ்வாக்கெழம ஸ்கேனுக்கு வரச் சொல்லிருக்காங்க. லீவு குடுங்க. ரெண்டு தடவ எழுதிக் குடுத்துட்டேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். 'என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, ஒரு நாள் விடுப்பு வேண்டும்' என்று கோடு போட்ட தாளில் தமிழில் எழுதிய முதல் லெட்டரை, லோடு நெருக்கடி என்று குறித்துத் திருப்பி அனுப்பியவள் நான். இரண்டாவதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. புரியும்படி எழுதியதுதான் அவர் செய்த தவறு போலிருக்கிறது. யாருக்கும் புரியாத பதினெட்டு எழுத்தைக் காட்டிய பிறகு ஒரே நிமிடத்தில் லீவு கிடைத்தது. அப்படியும் முதலாளி போட்டோவை விடவில்லை. அன்று மாலை ஸ்டேட்டஸில் 'எங்கள் தொழிலாளர்களின் திறமை' என்று வந்தது. அந்த அக்கா பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டி ஒட்டும் பெண்களில் ஐந்து பேர் ஆளுக்கொரு பையோடு வந்தார்கள். மாமியாரின் முட்டி எக்ஸ்ரே, பிள்ளையின் ரத்தப் பரிசோதனை, ஒருத்தியின் கர்ப்பப்பை ஸ்கேன். எல்லாமே நீள நீளமான வார்த்தைகள். எல்லாருக்கும் லீவு வேண்டும். முதலாளி எதையும் பலகையில் எழுதவில்லை.

"வொக்காபுலரி போதும். இனி புரொடக்ஷனப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் போனார். போட்டி அதோடு முடிந்தது.

ஒரு மாதம் கழித்து, மத்தியான சாப்பாட்டு நேரத்தில் அந்த அக்கா இன்னொரு காகிதத்தோடு என் மேசைக்கு வந்தார். மாத்திரையில் வீக்கம் குறைந்துவருகிறதாம், கணவர் எழுந்து நடக்கிறாராம். ஒரு வார்த்தைக்கு மட்டும் அர்த்தம் வேண்டும் என்றார். 'இடியோபதிக்' என்று இருந்தது. எனக்குத் தெரியவில்லை. இந்த முறை அவர் எதிரிலேயே போனை எடுத்துத் தேடினேன்.

"எதனால வந்துச்சுன்னு தெரியலன்னு அர்த்தம்க்கா."

"தெரியலன்னு சொல்றதுக்கா இவ்ளோ நீட்டி எழுதியிருக்காங்க?"

வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். நான் லெட்டர்கூடக் கேட்காமல் லீவு நோட்டை எடுத்து அவர் பெயருக்கு நேரே விடுப்பு என்று எழுதினேன். தமிழில்தான்.