கறுப்புச் சட்டியும் பியாட்ரிஸும்

"உங்களுக்குக் கைராசி, அக்கா" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பியாட்ரிஸுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "ராசியாவது மண்ணாங்கட்டியாவது. நான் எத்தினி செடியச் சாவடிச்சிருக்கேன்னு உங்களுக்கு இன்னா தெரியும்?" என்பாள். அவள் சொல்வது பொய்யும் இல்லை. லிங்கராஜபுரத்தில் அவள் குடியிருக்கும் ஒண்டுக் குடித்தனத்தின் மாடிப்படி ஓரத்தில் செத்துப்போன செடிகளின் காலிச் சட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும்.

ரிங் ரோடு பக்கம் ஒரு ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை அவளுக்கு. பதினோரு வருஷம் ஆகிறது. பெருக்குவது, துடைப்பது, நடுவில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. போன வருஷம் கம்பெனியில் இருபத்திரண்டு செடி வாங்கினார்கள். அப்போது இருந்த மேனேஜர், வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் பெரிய பெரிய தொட்டிகளுக்கு மாற்றச் சொன்னார். மாற்றினாள். ஒரே மாதத்தில் எல்லாம் இலை பழுத்துச் சாய்ந்தன. தண்ணீரே ஊற்றாமல் கொன்றுவிட்டாள் என்றார் ஒருவர். ஊற்றி ஊற்றியே கொன்றுவிட்டாள் என்றார் இன்னொருவர். இரண்டு பழியும் அவள் ஒருத்தி தலையில்தான் விழுந்தது. பேஸ்மென்ட் டாய்லெட்டுக்கு அவளை மாற்றினார்கள். கக்கூஸ் கழுவுவது அவளுக்கு அவமானமாகப் படவில்லை, வேலை என்றால் வேலைதான். செய்யாத கொலைக்குப் பெயர் வாங்கியதுதான் நெஞ்சை அறுத்தது.

வேறு யாராக இருந்தாலும் நாலு நாள் புலம்பிவிட்டு விட்டிருப்பார்கள். பியாட்ரிஸ் அந்தச் செத்த செடிகளை இரண்டிரண்டாகப் பையில் போட்டு, பஸ் ஏறி, வீட்டுக்குக் கொண்டுபோனாள். கண்டக்டர் முறைத்ததை எல்லாம் அவள் கண்டுகொள்ளவில்லை. வீட்டில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, மண்ணை உடைத்துப் பார்த்தாள். வேர்கள் நர்சரிச் சட்டியில் இருந்த அதே உருண்டையாகவே இருந்தன. ஒரு வேர்கூடப் புது மண்ணுக்குள் கால் வைக்கவில்லை. சுற்றியிருந்த மண்ணோ களி மாதிரி ஊறிக் கிடந்தது. குடிக்க வேர் இல்லாத இடத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகத்தானே செய்யும்? அப்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. பிறகு சொந்தக் காசில் செடி வாங்கி, வந்த அன்றைக்கே மாற்றிப் பார்த்தாள், பொறுத்து மாற்றிப் பார்த்தாள், சின்னச் சட்டி, பெரிய சட்டி எல்லாம் வைத்துப் பார்த்தாள். மாடிப்படிக் காலிச் சட்டிகளின் கதை இதுதான்.

இந்த வருஷம் மேனேஜர் மாறினார். ஷ்ரேயாஸ் என்று சின்ன வயசுக்காரர். அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். பேச்சில் பாதி கன்னடம் கலந்திருக்கும். மூன்றாம் மாடிக்கு நாற்பது செடி வரப்போகிறது என்று தெரிந்ததும் பியாட்ரிஸ் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"செடிங்கள எங்கிட்ட வுடுங்க சார்."

"போன வருஷம் நடந்தது நான் கேள்விப்பட்டேன் ஆன்ட்டி. சரி, ஒரு சான்ஸ் தரேன். இந்தத் தடவையும் போச்சுன்னா வெளிக் கான்ட்ராக்ட்தான். நீங்க மறுபடி பேஸ்மென்ட். ஆய்த்தா, சரியா?"

"ஆய்த்து சார்" என்றாள்.

திங்கட்கிழமை ஆனேக்கல் நர்சரி ஆள் ரகு டெம்போவில் செடிகளைக் கொண்டுவந்து இறக்கினார். வெள்ளிக்கிழமை ஆபீஸில் ஆயுத பூஜை. வந்து பார்த்த ஷ்ரேயாஸ் முகம் சுளித்தார். செடிகள் எல்லாம் நர்சரிக்காரர்கள் கொடுக்கும் கறுப்பு பிளாஸ்டிக் சட்டியில் இருந்தன.

"பூஜைக்குக் கறுப்பு பேடா, வேண்டாம் ஆன்ட்டி. வெள்ளைப் பீங்கான் தொட்டி வாங்கி வெச்சிருக்கோம்ல, அதுல மாத்திடுங்க. மஞ்சள் குங்குமம் வெச்சா சூப்பரா இருக்கும்."

"வேணாம் சார். நர்சரில நெழல்வலைக்கு அடியில காத்தாட இருந்ததுங்க. டெம்போல குலுங்கி வந்திருக்கு. இனிமே ஏசில இருந்து பழகணும். அதுக்கே ரெண்டு வாரம், மூணு வாரம் புடிக்கும். இன்னிக்கே வேரையும் கலைச்சா தாங்காது."

"கறுப்ப வெச்சு பூஜை பண்ணா மேல என்னைத்தான் கேப்பாங்க."

"கறுப்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, அவ்ளோதானே?"

வெள்ளைத் தொட்டியின் அடியில் செங்கல் துண்டு போட்டாள். அதன்மேல் கறுப்புச் சட்டியை அப்படியே தூக்கி வைத்தாள். மேலே தேங்காய் நாரைப் பரப்பி மூடினாள். வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்று வெள்ளைத் தொட்டிதான். ஷ்ரேயாஸ் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.

ஆனால் டைரக்டர் அறையில் வைக்க வேண்டிய ஆறு செடிகள் விஷயத்தில் ஷ்ரேயாஸுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே கறுப்பு இருக்கிறதே என்று அரித்துக்கொண்டே இருந்தது. பியாட்ரிஸ் சாப்பிடப் போன நேரத்தில் ரகுவைக் கூப்பிட்டு, அந்த ஆறை மட்டும் முறைப்படி மாற்றிவிடச் சொன்னார். அவரும் மாற்றிவிட்டுப் போனார். பெரிய தொட்டி, அடியில் ஓட்டைகூடக் கிடையாது. திரும்பி வந்தவள் மண்ணைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"இந்த ஆறும் என் பொறுப்பு இல்ல சார்."

"எல்லாம் உங்க பொறுப்புதான் ஆன்ட்டி" என்று சிரித்துக்கொண்டே போனார். சிரிப்பு அவருக்கு, வயிற்றெரிச்சல் இவளுக்கு.

பூஜை தடபுடலாக நடந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி கொடுத்தார்கள். பியாட்ரிஸ் மூன்று வாரம் பொறுத்தாள். பிறகு அந்த ஆறைத் தவிர மற்ற ஒவ்வொரு செடியையும் சாய்த்து, தண்டை இரண்டு விரல் நடுவில் பிடித்து, சட்டியை உருவிப் பார்த்தாள். அடி ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்ப்பது, ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடுவது, வேர் சட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடியிருப்பது, இதெல்லாம் தெரிந்தவை பதினொன்று. அவற்றை மட்டும் இரண்டு விரல் அகலம் கூடுதலான, ஓட்டை போட்ட சட்டிக்கு மாற்றினாள். முன்பு எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அவ்வளவே புதைத்தாள். மாற்றி முடித்து ஒரு தடவை நிறையத் தண்ணீர், அப்புறம் மேல் மண் காயும்வரை சொட்டு கிடையாது. உரம் ஒரு மாதத்துக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. மற்றவை இன்னும் அவசரப்படவில்லை, திருப்பி வைத்துவிட்டாள்.

ஐந்தாவது வாரம் டைரக்டர் அறையில் ஆறும் பழுத்துத் தொங்கின. செடி ஏன் இப்படி இருக்கிறது என்று டைரக்டரே கேட்டுவிட்டார். ஷ்ரேயாஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பியாட்ரிஸைத் தேடி வந்தார்.

"ஆறு போச்சு. நான் சொன்னது ஞாபகம் இருக்கா ஆன்ட்டி?"

"இருக்கு சார். கீழ அனுப்பறதுக்கு முன்னால அஞ்சு நிமிஷம் வந்து பாருங்க."

பேன்ட்ரி பின்பக்கம் பழைய பேப்பர் விரித்து, அந்த ஆறில் ஒன்றைக் கவிழ்த்தாள். தண்ணீர் வடிந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. வேர் பழைய சட்டியின் உருண்டையாகவே, கறுத்துக் கூழாகிக் கிடந்தது. பக்கத்தில் தான் மாற்றியதில் ஒன்றை உருவி வைத்தாள். வெள்ளை வேர்கள் சுற்றிலும் புது மண்ணுக்குள் ஓடியிருந்தன. இரண்டையும் அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற ஷ்ரேயாஸ் கடைசியில், "இந்த ரகு தெரியாம கை வெச்சுட்டாரு" என்றார்.

அங்கேதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "அவர் மேல போடாதீங்க சார். சொன்னதச் செஞ்சாரு. போன வருஷம் நானும் சொன்னதத்தான் செஞ்சேன்."

ஷ்ரேயாஸ் மூக்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "நான்தான் மாத்தச் சொன்னேன்" என்றார். நேராக மாடி ஏறிப்போய் டைரக்டரிடமும் அதையே சொன்னார். நல்ல பிள்ளைதான், சொல்லத்தான் வேண்டும்.

அழுகிய வேரை வெட்டி எறிந்து, ஆறையும் சின்னச் சட்டிகளில் வைத்தாள் பியாட்ரிஸ். நாலு பிழைத்தன, இரண்டு போயின. போனதை அவள் மறைக்கவும் இல்லை.

ஜனவரியில் இரண்டாம் மாடிக்கு முப்பது செடி வந்தது. ரகு இறக்கி வைத்துவிட்டு மண் மூட்டையின் வாயைப் பிரித்தார். டைரக்டரும் ஷ்ரேயாஸும் லிஃப்ட் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

"சட்டி இன்னிக்கே மாத்திடலாமா சார்?" என்று கேட்டார் ரகு.

"என்னைக் கேக்காதீங்க. அவங்களக் கேளுங்க" என்றார் ஷ்ரேயாஸ்.

எல்லாரும் பியாட்ரிஸைப் பார்த்தார்கள். அவள் அவசரப்படவில்லை. ஒரு செடியைத் தூக்கி அடியைப் பார்த்தாள், இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தாள், இலையைத் திருப்பிப் பார்த்தாள். பெருமையை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"இப்ப வேணாம். எப்பன்னு நான் சொல்றேன்."

ரகு மூட்டையைத் திருப்பிக் கட்டினார். அந்தக் கட்டடத்தில் அவள் வேண்டாம் என்று சொல்லி, ஏன் என்று ஒருவர்கூடக் கேட்காமல் ஒரு வேலை நின்றது, பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.