நைட்ரஜனிலும் வந்த மீத்தேன்

என் மனைவி தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. நான் நாளிதழ் நிருபர். கரியமில வாயுவையும் நீராவியையும் ஒரு வெள்ளைத் தூளின் மேல் செலுத்தி, வெயிலின் துணையோடு மீத்தேனாக, அதாவது எரிபொருளாக மாற்றுவது அவளுடைய ஆராய்ச்சி. பல வருடம் உழைத்தும் கிடைத்த மீத்தேன் சொல்லும்படியாக இல்லை. குற்றாலச் சாரலில் வெயிலை நம்பிப் பிழைக்கிறாள் என்று சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். நிதி முடியப் போகிறது. நல்ல முடிவு ஒன்றைக் காட்டினால்தான் நீட்டிப்பார்கள்.

அந்த முடிவு ஒரு குற்றால சீசன் நேரத்தில் வந்தது. மீத்தேன் அளவு திடீரென்று எகிறியது. கல்லூரி முதல்வர் நிருபர்களை மறுநாள் வரச்சொல்லி அழைத்துவிட்டார். 'காற்றிலிருந்து எரிபொருள்' என்று வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறியது.

அவள் மட்டும் சந்தோஷப்படவில்லை. கரியமில வாயுவுக்குப் பதிலாக நைட்ரஜனைச் செலுத்தி அதே சோதனையைச் செய்தாள். நைட்ரஜனில் கார்பன் கிடையாது. மீத்தேன் வரக் கூடாது. வந்தது, கிட்டத்தட்ட அதே அளவு. அப்படியென்றால் கார்பன் தூளிலேயே ஒட்டியிருக்கிறது.

கல்லூரி ஆய்வகத்தில் உலர்த்தும் அடுப்பு பழுதானதால் அந்தத் தூளை மேலகரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில்தான் ஒரு தட்டில் பரப்பி உலர்த்தியிருந்தாள். உலர்த்திய அன்று வீரகேரளம்புதூரிலிருந்து என் அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அருவிக்குப் போகுமுன் மாடியில் உட்கார்ந்து உடம்பெல்லாம் எண்ணெய் தேய்ப்பது அத்தானின் வழக்கம். என் மனைவி ஸ்பீக்கரில் அவருக்கு போன் போட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு மாடியில தட்டைத் தொட்டீங்களா?"

"தொடாம? சாரல் அடிச்சுதுல்லா தங்கச்சி, நாந்தான் உள்ள எடுத்து வச்சேன். கொஞ்சம் சிந்திட்டு. ஒரு துளி விடாம கையாலயே வழிச்சுப் போட்டுட்டேன்."

"எண்ணெய்க் கையோடயா?"

"பின்ன?" சற்று யோசித்தார். "அப்போ நம்ம எண்ணெயிலதான் கேஸ் வந்துச்சா? போர்டுல என் பேரையும் போடச் சொல்லு."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது: "ஏட்டி, இவரை மாடியில விட்டது ஒன் தப்பு."

அவள் சிரித்தாள். பிறகு உடையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். நானும் போனேன்.

"ரிசல்ட் தப்பு சார். போர்டை இறக்கிருங்க," என்றாள் முதல்வரிடம்.

"நாளைக்கு பிரஸ் மீட்டிங்மா. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லா."

"நிதி நின்னு போயிரும்."

"நிக்கட்டும் சார். எண்ணெயைக் கரியமில வாயுன்னு நான் சொல்ல மாட்டேன்."

முதல்வர் என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க."

"நான் நிருபர் சார். அவ சொன்னதைத்தான் எழுதுவேன்," என்றேன்.

எழுதினேன். ஆறாம் பக்கத்தில் சின்னதாக வந்தது. நிதி நின்றது. ஆசிரியர் அறையில் அவளுக்கு 'எண்ணெய் மேடம்' என்று பெயர் வைத்தார்கள். அவள் காதில் விழும்படியே கூப்பிட்டார்கள்.

புதுத் தூளைச் சொந்தச் செலவில் தயாரித்தாள். உலரும் நாட்களில் மாடிக் கதவுக்குப் பூட்டு. அத்தானுக்கு எண்ணெய்க் குளியல் கீழே கிணற்றடியில். சாரல் விட்ட இடைவெளிகளில் வேலை நடந்தது. இந்த முறை நைட்ரஜனில் ஒன்றுமே வரவில்லை. கரியமில வாயுவில் வந்தது: அடுப்பில் எரித்தால் ஒரு சொட்டு பாலைக்கூடச் சூடாக்காத அளவு. ஆனால் அது காற்றிலிருந்து வந்தது.

முதல்வர் காதுக்கு எட்டியது. கூப்பிட்டனுப்பினார். "இப்போ பேப்பருக்குக் குடுக்கலாம்லாம்மா?"

"இல்ல சார். இன்னும் ரெண்டு மூணு தடவை செஞ்சு பாத்துட்டு, நானே சொல்லுதேன்," என்று வந்துவிட்டாள்.