மொட்டை மாடிக்கு வந்த கசடு

கழிவுநீர்ப் பண்ணையின் ஆய்வகத்தில் நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் ஸ்ரீவராகத்து அக்ரஹாரத் தெருவிலிருந்து போகிறவள். அவள் பாறசாலைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அந்த மலையாள ஆபீசில் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான். மதியம் மீன் டப்பாவைத் திறப்பதற்கு முன் அவளாகவே ஜன்னலோரம் நகர்ந்து உட்காருவாள், எனக்கு வாடை வரக்கூடாதென்று. நான் கேட்டுக்கொண்டதில்லை. அதனாலேயே அவளை எனக்கு அவ்வளவு பிடித்தது.

நகரத்துச் சாக்கடை நீர் வடிந்தபின் தங்கும் கசடை அங்கே மணல் படுகைகளில் காயவைப்பார்கள். காய்ந்தால் கறுத்து, வெடித்து, நாற்றம் போய்விடும். அதை வளம் என்று சொல்லிச் சாக்கில் கட்டி வாழைத்தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். அதில் ஈரப்பதமும் நைட்ரஜனும் பார்ப்பது என் வேலை. இத்தனை சத்தா என்று எனக்கே ஆசை வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சாக்கை வீட்டுக்குக் கொண்டுபோய் மொட்டை மாடித் தொட்டிகளில் கொட்டினேன்.

சிவப்புக் கீரை விரல் பருமனுக்குத் தண்டு விட்டது. தெருவில் நான்கு வீடுகளுக்குக் கொடுத்தேன். எதிர்வீட்டுப் பெண் அப்போது முழுகாமல் இருந்தாள். ரத்தம் போதாது, கீரை சாப்பிடு என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். தோழிக்குத் திங்கட்கிழமைதோறும் ஒரு கட்டு, பேப்பரில் சுற்றி. அவள் ஒருமுறைகூட வேண்டாமென்று சொன்னதில்லை. நல்ல கீரை என்று சொல்லிப் பையில் வைத்துக்கொள்வாள்.

முதல் கீரை பறித்த மாதமே அவள் பரீட்சையில் தேறிக் கெமிஸ்ட் ஆனாள்; ஆய்வக அறிக்கைகள் அவள் மேஜைக்குப் போகத் தொடங்கின. எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது. ஆனாலும் கீரை நிற்கவில்லை.

சில வருஷங்கள் கழித்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பழைய ஃபைல்களைப் பதிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. அதில் ஒரு ஃபைலுக்குள் வெளி ஆய்வகம் ஒன்றிலிருந்து வந்த அறிக்கை இருந்தது. எங்கள் கசடில் ஈயம், காட்மியம், மண்ணில் வருஷக்கணக்காக அழியாமல் கிடக்கும் பூச்சிமருந்து. உண்ணும் பயிருக்கு இடக்கூடாது என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. நான் முதல் சாக்கைத் தூக்கிப் போன இரண்டாம் மாதத்துத் தேதி. ஓரத்தில் 'பார்த்தேன்' என்று தோழியின் கையெழுத்து.

அந்தக் காகிதத்தை அவள் மேஜையில் வைத்தேன். அவள் அதைப் படிக்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"நான் என்ன செய்ய? கான்பிடென்ஷியல்னு பெரிய சாரு எழுதி வச்சிட்டாரு. வெளிய சொன்னா ஜோலி போவும்."

நான் வெளியாளா என்று கேட்டேன். காகிதத்தை என் பக்கமே தள்ளினாள். பிறகு, கேட்கப் பயந்ததையும் கேட்டேன்.

"நான் குடுத்த கீரையெல்லாம் என்ன பண்ணினே?"

பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

"நாங்க கறி வைக்கல்ல. பிள்ளைங்க உள்ள வீடுல்லா."

பஸ் ஸ்டாண்டிலேயே போட்டுவிடுவாளாம். இத்தனை வருஷத்துத் திங்கட்கிழமைகளும் அந்த ஒரு வாக்கியத்தில் வந்து விழுந்தன. எனக்கு அழுகை வரவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதிகாரியிடம் போனேன். பழைய ரிப்போர்ட், இப்போது எப்படியோ யாருக்குத் தெரியும் என்றார். புதிதாகச் சோதிக்கலாமே என்றால், அதற்கு மேலிருந்து உத்தரவு வேண்டுமாம். சோதனை கேட்டு எழுதிக் கொடுத்தேன். சில மாதங்களில் விற்பனை நின்றது. ஆனால் கேட்டருகே மாட்டிய போர்டில் 'இருப்பு இல்லை' என்று மட்டும்தான் இருந்தது. ஏற்கெனவே தோட்டத்தில் போட்டவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

விற்பனை நிற்பதற்கு முன்பே, அறிக்கையைப் படித்த வாரமே, தொட்டிகளைக் காலி செய்தோம்; மண்ணை எங்கே கொட்டுவது? குப்பையில் போட மனம் வரவில்லை. நானும் கணவரும் சாக்குகளில் அள்ளி ஆட்டோவில் ஏற்றிப் பண்ணைக்கே கொண்டுபோனோம். வெளிக் குப்பையை உள்ளே எடுக்க முடியாது என்று வாட்ச்மேன் தடுத்தார். ஆய்வகத்திலிருந்து அவள் இறங்கி வந்து அவரிடம் ஏதோ சொல்லிக் கேட்டைத் திறக்கவைத்தாள். இரண்டு சாக்குகளை அவளே இழுத்துப் போட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண்ணிடம் போனேன். கீரை கொடுத்த நாளில் வயிற்றிலிருந்த அவள் மகன் அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான், நன்றாகத்தான் இருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கை, கையெழுத்து, ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுவிட்டுப் பையனை உள்ளே போகச் சொன்னாள்.

"நீ அங்கேதானே வேலை பாக்கறே? நோக்குத் தெரியாம எப்படி இருக்கும்?"

தெரியாது என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது எனக்கே அது பொய்போலக் கேட்டது.

"இனிமே அவனுக்கு ஒரு ஜுரம் வந்தாலும் உன்னையாக்கும் நினைச்சுப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நடக்கப்போவதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

மற்ற மூன்று வீடுகளுக்கும் அன்றே போனேன். ஒரு வீட்டில் நம்பினார்கள். மற்ற இரண்டு வீடுகளில் காபி கொடுத்து, வேறு பேச்சுப் பேசி அனுப்பிவிட்டார்கள்.